கழுத்துத் தமனிகளின் கிளைமாற்றங்கள்: ஒரு வரலாறு

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, மார்பின் மேற்பகுதியில் இடப்பக்கமாக வளைந்து கீழிறங்குகிறது. அந்த வளைவிலிருந்து மூன்று கிளைகள் மேலேறும் என்பது பாடநூல் வழக்கு. முதலாவது பிரேக்கியோசெஃபாலிக் தமனி. சிறிது தூரம் ஏறியதும் அது வலக் கைக்குச் செல்லும் சப்கிளேவியன் தமனியாகவும், கழுத்தின் வலப்புறம் ஏறும் கரோட்டிட் தமனியாகவும் பிரிகிறது. இரண்டாவது கிளை இடக் கரோட்டிட். மூன்றாவது இட சப்கிளேவியன். கரோட்டிட் தமனி வழியில் கிளை எதுவும் விடாமல் ஏறி, தைராய்டு குருத்தெலும்பின் மேல்விளிம்பு உயரத்தில் இரண்டாகக் கவைக்கிறது. உள் கரோட்டிட் மூளைக்குப் போகிறது. வெளிக் கரோட்டிட் தைராய்டு, நாக்கு, முகம், பின்தலை என்று வரிசையாகக் கிளை விடுகிறது. சப்கிளேவியனிலிருந்து கிளைக்கும் வெர்டிப்ரல் தமனி, கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறி மூளையின் அடிப்பகுதியை அடைகிறது.

இந்த வரைபடம் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வளைவின் கிளையமைப்பே வேறு மாதிரி இருக்கும். இடக் கரோட்டிட், பிரேக்கியோசெஃபாலிக் தமனியோடு சேர்ந்து ஒரே அடியிலிருந்து கிளம்புவதே இவற்றுள் மிகுதி. நூற்றில் ஐந்து பேர் அளவில் இட வெர்டிப்ரல் தமனி வளைவிலிருந்தே நேராகப் புறப்படுகிறது. நாக்குத் தமனியும் முகத் தமனியும் ஒரே தண்டாகத் தொடங்கிப் பின்னர் பிரிவது ஐந்தில் ஒரு கழுத்தில் காணக்கூடியது. கரோட்டிட்டின் கவை சிலருக்குத் தாடைக்கு நெருக்கமாக மேலே இருக்கும்; அரிதாகச் சிலருக்குக் குரல்வளைக்கும் கீழே. இவை நோய்கள் அல்ல. பெரும்பாலோர் அறியாமலேயே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் இவற்றைப் பிழை என்றும், வினோதம் என்றும், பின்னர் எண்ணிப் பார்க்க வேண்டிய இயல்பு என்றும் மருத்துவ உலகம் மாறிமாறிக் கருதியதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றை நகர்த்தியதில் அறிவு வேட்கையைவிட அறுவை மருத்துவரின் கத்திக்கும், அறுத்துப் பார்க்கக் கிடைத்த உடல்களின் எண்ணிக்கைக்கும் பங்கு அதிகம்.

இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமோன் நகரத்து காலென் எழுதியவையே ஐரோப்பாவிலும் அரபு உலகிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உடற்கூறியலின் அடித்தளம். காலென் அறுத்தது குரங்கு, பன்றி, மாடு போன்ற விலங்குகளை. கரோட்டிட் தமனி மூளையின் அடியில் மெல்லிய வலைப்பின்னலாகப் பிரிகிறது என்று அவர் சொன்னது ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்மை. மனிதருக்கு அப்படி ஒன்று இல்லை. 1520-களில் போலோன்யாவின் பெரெங்காரியோ தா கார்ப்பி பல மனித உடல்களை அறுத்துத் தேடியும் அந்த வலை அகப்படவில்லை என்று எழுதினார். ஆயினும் 1538-இல் ஆந்திரேயாஸ் வெசாலியஸ் வெளியிட்ட ஆறு படத்தாள்களில் வலை மீண்டும் தலைகாட்டியது. 1543-இல் தம் பெருநூலில் அவர் அதைத் திருத்தினார். மாணவர் முன்னிலையில் மனிதத் தலையை அறுக்கும்போது, அந்த வலையைக் காட்டுவதற்கென்றே ஆட்டின் தலையையோ மாட்டின் தலையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டதையும் ஒப்புக்கொண்டார்.

வெசாலியஸுக்கு மனித உடல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது தெரியும். நூலின் பல இடங்களில் அதைக் குறிக்கவும் செய்கிறார். ஆனால் பொது அரங்கில் அறுப்பதற்கு, கிரேக்கச் சிற்பி பாலிக்ளைட்டஸின் சிலைபோல எல்லா அளவும் நடுத்தரமாக அமைந்த உடலையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. விதியிலிருந்து விலகிய உடல்களைத் தேர்ந்தவர்கள் தனியே பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு தூக்குத்தண்டனைக் கைதிகளின் உடலே கிடைத்த காலத்தில், கண்ணெதிரே இருக்கும் உடல் பொதுவழக்கா விலக்கா என்று சொல்ல யாராலும் முடியாது. பார்த்தது ஒன்றே என்றால் அதுவே விதி. இரண்டு பார்த்து அவை வேறுபட்டால் ஒன்று விதி, மற்றொன்று பிழை.

அடுத்த நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் கண்ட ஓர் உடல் வேறு திசையைக் காட்டியது. 1664-இல் வெளிவந்த அவரது மூளை நூலில், வலக் கரோட்டிட் முற்றிலும் அடைபட்டிருந்த ஒரு மனிதரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. மூளை பாதிப்பின் அடையாளம் ஏதுமின்றி வாழ்ந்த அவர் வயிற்று நோயால் இறந்தார். அறுத்துப் பார்த்தபோது, அடைபட்ட பக்கத்து வெர்டிப்ரல் தமனி வழக்கத்தைவிடப் பன்மடங்கு பருத்திருந்தது. மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று கோத்து வளையமாக இருப்பதால், ஒரு வழி மூடினாலும் மற்றவை ஈடுகொடுக்கின்றன என்று வில்லிஸ் விளக்கினார். அவருடைய உதவியாளர் ரிச்சர்ட் லோயர் தமனிக்குள் சாயம் செலுத்தி இதைச் சோதித்துக் காட்டினார். கழுத்திலுள்ள தமனி ஒன்றைக் கட்டினாலும் ஆள் பிழைக்கக்கூடும் என்ற நம்பிக்கைக்கு வித்து இங்கே விழுந்தது. முளைக்க நூற்றைம்பது ஆண்டு ஆயிற்று.

இடையில் பார்க்கும் முறை மேம்பட்டது. ஆம்ஸ்டர்டாமின் ஃபிரடெரிக் ரய்ஷ் போன்றோர் சாயமேற்றிய மெழுகைத் தமனிகளுக்குள் செலுத்தி உறைய வைத்தார்கள். இறந்த உடலில் வெளிறி ஒட்டிப்போயிருக்கும் நுண்கிளைகள்கூட இதனால் தடித்துத் தெரிந்தன. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் இந்த முறையில் பல உடல்களை ஒப்பிட்டு, 1743 முதல் 1756 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட படநூல், தமனிகளைத் தனித் துறையாகவே நிறுத்தியது. 1772-இல் ஜெர்மனியின் யேனா நகரத்து யோஹான் எர்ன்ஸ்ட் நொய்பாவர், பிரேக்கியோசெஃபாலிக் தமனியிலிருந்தோ வளைவிலிருந்தோ கிளம்பி, மூச்சுக்குழாயின் முன்பக்கமாகவே ஏறித் தைராய்டின் அடியை அடையும் ஒரு தனித் தமனியை விவரித்தார். நூற்றுக்குச் சிலருக்கே அது உண்டு. கழுத்தின் நடுக்கோட்டில் மூச்சுத் துளையிடும் மருத்துவருக்கு அந்தச் சிலரே போதும்.

வினோதமாக மட்டும் கருதப்பட்ட ஒரு மாற்றம் நோயோடு இணைத்துப் பேசப்பட்டது இதே காலத்தில்தான். வல சப்கிளேவியன் தமனி முதற்கிளையின் பகுதியாக வராமல், வளைவின் கடைசிக் கிளையாக இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டு, பெரும்பாலும் உணவுக்குழாய்க்கும் முதுகெலும்புக்கும் இடையே குறுக்காக ஓடி வலக் கையை அடைவது இருநூறு பேரில் ஒருவருக்காவது உண்டு. பாரிஸின் ஹுனோல்ட் 1735-இல் இதை விவரித்தார். ஆங்கிலேய மருத்துவர் டேவிட் பேஃபோர்ட், பல ஆண்டுகளாக விழுங்க முடியாமல் அவதிப்பட்டு 1761-இல் இறந்த ஒரு பெண்ணின் உடலில் இதே அமைப்பைக் கண்டார். உணவுக்குழாயைத் தமனி பின்னாலிருந்து நெரித்ததே நோய்க்குக் காரணம் என்று அவர் எழுதிய கட்டுரை 1794-இல் லண்டன் மருத்துவக் கழகத்தின் தொகுதியில் அச்சானது. இயற்கையின் விளையாட்டு என்ற பொருளில் அவர் வைத்த பெயர் இன்றும் அந்நோய்க்கு வழங்குகிறது. பேஃபோர்டின் ஊகம் முழுதும் சரியென்று சொல்ல முடியாது. இந்த அமைப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு விழுங்குவதில் எந்தச் சிரமமும் இல்லை.

கத்தி கழுத்தை நெருங்கியபோது நிலைமை மாறியது. 1798-இல் லண்டனில் ஜான் அபர்னெத்தி, மாடு முட்டிக் கழுத்து கிழிந்த ஒருவரின் கரோட்டிட்டைக் கட்டினார்; ஆள் பிழைக்கவில்லை. 1805-இல் கைஸ் மருத்துவமனையின் ஆஸ்ட்லி கூப்பர், கழுத்தில் தமனி புடைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அதே தமனியைக் கட்டினார். சீழ் பிடித்து அவரும் சில வாரங்களில் இறந்தார். 1808-இல் மற்றொரு நோயாளிக்கு அதே சிகிச்சையை மீண்டும் செய்தபோது, அவர் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். வில்லிஸின் வளையம் உயிருள்ள மனிதரிடம் மெய்ப்பட்டது. துணிச்சல் கூடியது. 1818-இல் நியூயார்க்கின் வேலன்டைன் மாட் பிரேக்கியோசெஃபாலிக் தமனியையே கட்டினார். நோயாளி 26-ஆம் நாள் குருதிப்போக்கால் இறந்தார். அந்தத் தமனியைக் கட்டி ஆளைப் பிழைக்க வைக்க 1864 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூ ஆர்லியன்ஸின் ஆண்ட்ரூ ஸ்மித், பிரேக்கியோசெஃபாலிக், கரோட்டிட் இரண்டையும் கட்டிய பிறகும் குருதி திரும்பத் திரும்பப் பீறிட்டது. மூளைப் பக்கமிருந்து வெர்டிப்ரல் வழியே எதிர்த்திசையில் இறங்கிய குருதி அது. அதையும் கட்டிய பிறகே நின்றது.

மயக்க மருந்து இல்லாத, அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு தமனியைத் தேடக் கிடைத்தது சில நிமிடங்களே. கவை எந்த உயரத்தில் இருக்கிறது, முடிச்சுப் போடும் இடத்துக்கு அருகில் எதிர்பாராத கிளை உண்டா என்பவை உயிரைத் தீர்மானித்தன. கிளைக்கு மிக நெருக்கமாக முடிச்சு விழுந்தால் உறைகட்டி நிலைக்காது, சில நாட்களில் தமனி வெடிக்கும் என்பது அன்றைய மருத்துவர்களின் பொதுக் கருத்து. ஆகவே மாற்றங்கள் உண்டு என்று தெரிந்தால் மட்டும் போதவில்லை. நூற்றில் எத்தனை என்று தெரிய வேண்டியிருந்தது. ஹைடல்பெர்கின் ஃபிரீட்ரிஷ் டீடமான் 1822-இல் வெளியிட்ட 38 பெரும் படத்தகடுகள் இந்தத் தேவைக்குப் பாதி விடை. விலகல்களையும் அவர் ஓவியமாக்கினார்; 1846-இல் துணைத்தொகுதியும் வந்தது. ஆனால் அவற்றிலும் எண்ணிக்கை இல்லை.

எண்ணுவதற்கு உடல்கள் வேண்டும். பிரிட்டனில் 1752 முதல் கொலைக் குற்றவாளிகளின் உடலே சட்டப்படி அறுவைக்கூடத்துக்கு வந்தது. மருத்துவப் பள்ளிகள் பெருகியபோது அது போதாமல், இடுகாட்டில் பிணம் தோண்டி விற்பவர்கள் கிளம்பினார்கள். 1828-இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறியலாளரின் பள்ளிக்கு விற்றது அம்பலமானது. பர்க் தூக்கிலிடப்பட்டு அவருடைய உடலும் அறுக்கப்பட்டது. 1832-இல் வந்த உடற்கூறியல் சட்டம், ஏழைகள் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோர ஆளில்லாதவர்களின் உடல்களைப் பள்ளிகளுக்கு வழங்க வழிசெய்தது. பிணத்திருட்டு ஓய்ந்தது. கொலையாளிக்குத் தண்டனையாக இருந்தது, இனி வறியவருக்கு விதியானது. அந்த மக்கள் இதை வெறுத்தார்கள் என்பதில் வியப்பில்லை.

அதே 1832-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியரானவர் அயர்லாந்தின் ஃபெர்மாய் ஊரில் பிறந்த ரிச்சர்ட் குவெய்ன். புதிய சட்டத்தால் வந்த உடல்களில் தமனிகளின் போக்கைக் குறித்துக்கொண்டே போனார். விசித்திரமானதை மட்டும் பொறுக்காமல், வந்த உடலை வந்தபடியே பதிவுசெய்தது இந்தத் திட்டத்தின் சிறப்பு. 1844-இல் முடிவுகள் வெளியானபோது கணக்கில் 1,040 உடல்கள் இருந்தன. ஒவ்வொரு தமனிக்கும் அதன் தொடக்கம், கவையின் உயரம், கிளைகளின் ஒழுங்கு ஆகியவை எத்தனை உடலில் எப்படி இருந்தன என்ற அட்டவணைகள் இடம்பெற்றன. உடன் வந்த 87 கல்லச்சுப் படங்களை வரைந்த ஜோசஃப் மக்லீஸ் தாமே அறுவை மருத்துவர். புகழ்பெற்ற ஓவியர் டேனியல் மக்லீஸின் தம்பி. அவர் படங்களில் உள்ள முகங்கள் உறங்குவோரின் முகங்கள்போல அழகாக இருக்கின்றன; யாருடைய முகங்கள் என்று நூல் சொல்வதில்லை.

குவெய்னுக்குப் பிறகு விதி என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது என்றே சொல்லலாம். பெரும்பான்மையாகக் காணப்படுவது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அறுவை மருத்துவர் கைநழுவலுக்கு இயற்கையின் வினோதத்தைச் சாக்குச் சொல்லும் வழியும் இதனால் குறுகியது. நூற்றில் ஐந்து முறை வருவதை எதிர்பாராதது என்று எவ்வாறு சொல்வது?

ஏன் இப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு விடை வேறிடத்திலிருந்து வந்தது. 1825-இல் ஹைன்ரிஷ் ராத்கே, பன்றி, பறவை ஆகியவற்றின் கருவில் மீனின் செவுளையொத்த பிளவுகளைக் கண்டார். அந்தப் பிளவுகளுக்கிடையே ஓடும் தமனி வளைவுகள் இணை இணையாகத் தோன்றி, சில மறைந்து, சில நிலைத்துப் பெரிய தமனிகளாகின்றன என்பதை 1843-இல் விளக்கப்படங்களாகத் தந்தார். இன்றைய கணக்கில் மூன்றாம் இணை கரோட்டிட் ஆகிறது. நான்காம் இணையின் இடப்பக்கம் பெருந்தமனி வளைவின் ஒரு பகுதி. வலப்பக்கம் வல சப்கிளேவியனின் தொடக்கம். அந்த வலப்பக்க வளைவு கருவிலேயே அழிந்துபோனால், வலக் கைக்கான தமனி பின்னால் எஞ்சிய வழியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து வர வேண்டியதுதான். 1862-இல் எடின்பரோவின் வில்லியம் டர்னர் இந்த முறையில் வளைவுக் கிளைகளின் விலகல்களை ஒவ்வொன்றாக விளக்கினார். பேஃபோர்ட் இயற்கையின் விளையாட்டென்று கண்டது, எந்தப் பாதை மூடியது, எது திறந்திருந்தது என்ற கணக்கானது.

இதே விளக்கம் ஒரு நரம்பின் புதிரையும் அவிழ்த்தது. குரல்வளைக்கு வரும் நரம்பு வலப்பக்கத்தில் சப்கிளேவியனைச் சுற்றிக் கொண்டு மேலே திரும்புவது வழக்கம். வல சப்கிளேவியன் முன்சொன்னபடி விலகி வந்தால், சுற்றிக்கொள்ளத் தமனி இல்லாமல் நரம்பு நேரே குரல்வளைக்குப் போய்விடும். 1823-லேயே எடின்பரோ இதழில் ஸ்டெட்மன் என்பவர் இந்த இரண்டும் சேர்ந்தே இருந்த உடலைப் பதிவு செய்திருந்தார். அரை நூற்றாண்டு கழித்துத் தைராய்டு அறுவை பெருகியபோதுதான் அதன் அருமை தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் தியோடர் கோச்சர் ஆயிரக்கணக்கான தைராய்டுகளை அறுத்து, தமனிகளை ஒவ்வொன்றாகத் தனித்துப் பிடித்துக் கட்டும் பொறுமையான முறையால் இறப்பு விகிதத்தை மிகவும் குறைத்தார். 1909-இல் நோபல் பரிசும் பெற்றார். நரம்பைத் தேட வேண்டிய இடத்தில் அது இல்லாவிட்டால், தமனியை நினைத்துப் பார் என்பது இன்றும் அந்த அறுவையில் பயில்வோருக்குச் சொல்லப்படும் அறிவுரை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணும் வேலை கிழக்கே நகர்ந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் புன்தாரோ அதாச்சி, ஜெர்மனியில் பயின்று திரும்பி, ஜப்பானியர் உடல்களின் தமனிகளை வகைப்படுத்தி 1928-இல் இரண்டு பெருந்தொகுதிகளாக ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். வளைவின் கிளையமைப்புகளுக்கு எழுத்துகளால் பெயரிட்ட அவருடைய முறை இன்றும் பயன்படுகிறது. அன்றைய ஆய்வுகள் பலவற்றின் உள்நோக்கம் இனங்களுக்கிடையே வேறுபாடு காண்பது. 1940-இல் அமெரிக்காவில் மெக்டொனால்டும் ஆன்சனும் வெள்ளையர், கறுப்பர் உடல்களின் வளைவுக் கிளைகளை ஒப்பிட்டது அந்த வரிசையில் வருவது. விகிதங்கள் ஏறியிறங்கினாலும் முக்கிய வகைகள் எல்லா மக்களிடமும் இருந்தன. இனத்துக்கு அடையாளமாகத் தேடியவை நிலைக்கவில்லை, அட்டவணைகள் நிலைத்தன.

இறந்த உடலை விட்டு உயிருள்ள உடலுக்கு வழி திறந்தது லிஸ்பனில். 1927 ஜூன் 28-இல் எகாஸ் மோனிஸின் குழு, ஒரு நோயாளியின் கழுத்தைத் திறந்து கரோட்டிட்டுக்குள் சோடியம் அயோடைடு செலுத்தி, மூளைத் தமனிகளை எக்ஸ்ரே படத்தில் பதித்தது. கீல்வாதத்தால் மோனிஸின் கைகள் முடங்கியிருந்ததால், ஊசி போட்டவர் அல்மெய்தா லிமா. முன்னோடி முயற்சியில் ஒரு நோயாளி உயிரிழந்திருந்தார். பின்னர் பரவலான தோரோட்ராஸ்ட் என்ற மருந்து கதிரியக்கம் உள்ளது. அது உடலிலேயே தங்கிப் புற்றுநோய் விளைவித்தது பல ஆண்டு கழித்தே தெரிந்தது. 1936-இல் ஜெர்மனியின் புர்க்ஹார்ட் கோமெரெல், பேரியம் விழுங்கிய நோயாளியின் உணவுக்குழாயில் தெரிந்த துடிக்கும் பள்ளத்தை வைத்து, விலகிய வல சப்கிளேவியனை உயிருடன் இருக்கும்போதே கண்டுசொன்னார். 1945-இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் அதே தமனியைத் துண்டித்து ஒரு குழந்தையின் விழுங்கும் தடையை நீக்கினார்.

தமனிகளின் கருவளர்ச்சியை நுணுக்கமாக வரைந்து முடித்தவர், மூளை அறுவை மருத்துவர் வால்டர் டான்டியிடம் மருத்துவ ஓவியராக இருந்த டார்கஸ் பேஜட். பால்டிமோரில் பாதுகாக்கப்பட்ட கருக்களின் நுண்சீவல்களிலிருந்து அவர் மீட்டமைத்த வரலாறு 1948-இல் வெளியானது. கருவில் கரோட்டிட்டுக்கும் மூளைத்தண்டுத் தமனிக்கும் இடையே சில பாலங்கள் தோன்றிச் சில நாட்களிலேயே மறைகின்றன. மறையாமல் எஞ்சிய பாலம் ஒன்றை 1844-லேயே குவெய்ன் உடல் ஒன்றில் பார்த்திருக்கிறார். கழுத்தில் உள் கரோட்டிட்டிலிருந்து கிளம்பி மண்டையோட்டுத் துளை வழியே போகும் மற்றொன்று 1889-இல் பதிவானது. இப்பாலம் உள்ளவருக்கு வெர்டிப்ரல் தமனிகள் பெரும்பாலும் மெலிந்தே இருக்கும். அவருடைய உள் கரோட்டிட்டைச் சிறிது நேரம் நிறுத்தினாலும் மூளைத்தண்டு பட்டினி கிடக்கும். 1953-இல் ஹூஸ்டனில் டிபேக்கியும் 1954-இல் லண்டனில் ஈஸ்ட்காட் குழுவினரும் கரோட்டிட் கவையின் அடைப்பை நீக்கிப் பக்கவாதத்தைத் தடுக்கும் அறுவையைத் தொடங்கிய பிறகு, இது வெறும் ஏட்டறிவாக இருக்கவில்லை.

1953-இல் ஸ்வீடனின் ஸ்வென் செல்டிங்கர், ஊசித் துளை வழியே கம்பியை நுழைத்து அதன் மேல் மெல்லிய குழாயைச் செலுத்தும் முறையைக் கண்டார். அதன் பின் தொடைத் தமனியிலிருந்தே கழுத்தை எட்ட முடிந்தது. குழாய் செலுத்துபவருக்கு வளைவின் கிளையமைப்பே வழிகாட்டி. இடக் கரோட்டிட் பிரேக்கியோசெஃபாலிக்கோடு சேர்ந்து பிறந்திருந்தால், குழாய் அதற்குள் திரும்புவது கடினம். 2015-இல் வெளியான சோதனைகளுக்குப் பிறகு பக்கவாத நோயாளியின் மூளையிலிருந்து உறைகட்டியைக் குழாய் வழியே இழுத்தெடுப்பது வழக்கமான சிகிச்சையாகியிருப்பதால், அந்தக் கடினத்தின் விலை மூளைத் திசுவில் கணக்கிடப்படுகிறது. மணிக்கட்டு வழியே இதயத்துக்குச் செல்வோரும், வல சப்கிளேவியன் விலகியிருந்தால் குழாய் திசைமாறுவதைக் கண்டே அதை அறிகிறார்கள். சிலரில் உள் கரோட்டிட் வளைந்து தொண்டையின் பின்சுவருக்கு நெருக்கமாக ஓடுகிறது. டான்சில் அறுவைக்கு முன் அங்கே துடிப்பு தெரிகிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

சி.டி. ஆஞ்சியோகிராம் வந்தபின் கணக்கெடுப்பின் அளவே மாறிவிட்டது. ஒரு பெரிய மருத்துவமனை ஓராண்டில் எடுக்கும் படங்களின் எண்ணிக்கை குவெய்னின் 1,040 உடல்களை எளிதில் தாண்டும். எனினும் படம் நன்றாகக் காட்டுவது பெரிய தமனிகளை. நொய்பாவரின் தைராய்டுத் தமனி, தொண்டைக்கு ஏறும் மெல்லிய கிளை, நரம்போடு அவை பின்னும் விதம் ஆகியவற்றுக்கு இன்னும் அறுவை மேசைதான் ஆதாரம். பல நாடுகளில் அங்கே இப்போது வருபவை, வாழும்போதே இசைவு எழுதிக் கொடுத்தவர்கள் தானமாக அளித்த உடல்கள்.